ஓவரில் சொல்லாமல் விட்டது

எங்கள் ஆஸ்பத்திரியில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. இதை நாங்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்வோம். கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், கீழே மருந்துக் கடை, மேலே வார்டு என்று இருக்கும் தனியார் மனநல ஆஸ்பத்திரி அது. திருமழிசையிலிருந்து பஸ் பிடித்து வந்து நான் அங்கே நர்ஸ் வேலை பார்க்கத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. டூட்டி மாறும்போது, போகிற நர்ஸ் வருகிற நர்ஸிடம் வார்டை ஒப்படைக்க வேண்டும். அதற்கு ‘ஓவர் கொடுப்பது’ என்று பெயர். இரண்டு பேரும் கட்டில் கட்டிலாக நடப்போம். ஒவ்வொரு கட்டில் முன்னாலும் நின்று, இவர் என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், மாத்திரையை விழுங்கினாரா துப்பினாரா, யாரைத் திட்டினார், எதற்கு அழுதார் என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டாலும் இன்சார்ஜ் சிஸ்டர் தோலை உரித்துவிடுவார்.

கட்டிலில் இருப்பவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். சிலர் திருத்துவார்கள். “நான் துன்னது மூணு இட்லி, ரெண்டுன்னு சொல்றீங்களே சிஸ்டர்” என்று ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர் தினமும் சண்டைக்கு வருவார். ஓர் அம்மா தன் கட்டிலுக்கு நாங்கள் வருவதற்கு முன்பே தலையை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், பெண் பார்க்க வருகிற மாதிரி. கட்டில் முன்னால் சொல்லக் கூடாத விஷயமாக இருந்தால், நர்ஸ் மேஜைப் பக்கம் ஒதுங்கிக் குரலைத் தாழ்த்திச் சொல்வோம். சொல்லும்போது கண் அந்தக் கட்டில் பக்கம் போகும். அதுவும் எல்லாருக்கும் தெரியும். ஒரு சிஸ்டரிடம் சொன்னால் எல்லா சிஸ்டருக்கும் சொன்ன மாதிரி என்று, வந்து படுத்த கொஞ்ச நாளிலேயே எல்லாரும் புரிந்துகொள்வார்கள்.

பேசி வைத்தியம் பார்ப்பதற்கென்று ஒரு சைக்காலஜிஸ்ட் பெண் எங்களிடம் இருந்தாள். கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். அடுத்து ஒருத்தர் வந்தார். மெட்ரோ வேலைக்கு ரோட்டையெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வந்து போவதற்கே நாள் சரியாகிவிடுகிறது என்று அவரும் நின்றுவிட்டார். அப்புறம் யாரும் கிடைக்கவில்லை. பெரிய டாக்டர் ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு, “நீங்களே கத்துக்குங்க. நாள் பூரா பேஷண்ட் கூட இருக்கறது நீங்கதான்” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் ஊசி போடுகிறவர்கள், வாயைத் திறக்கச் சொல்லி நாக்கடியில் மாத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள், கட்டிப்போட வேண்டி வந்தால் கட்டிப்போடுகிறவர்கள். எங்களிடம் யார் மனசு விட்டுப் பேசுவார்கள்? இருக்கிற வேலை போதாதென்று இதுவும் தலையில் விழுந்ததே என்று நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே முணுமுணுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மொட்டை மாடி ஷெட்டில் வகுப்பு. பெட்ஷீட் காயப்போடும் இடம். சிட்டியிலிருந்து ஒரு மேடம் வருவார். ஐம்பது வயதிருக்கும். நரையை மறைக்காத தலை, அவசரமே இல்லாத குரல். ஆறுதல் சொல்லாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், கேளுங்கள் என்பதுதான் முதல் பாடம். எங்களுக்கு அதுதான் வரவே இல்லை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருத்தி பேஷண்டாக நடிக்க வேண்டும், இன்னொருத்தி கேட்க வேண்டும். என் ஜோடி, “எனக்குத் தூக்கமே வரலை” என்று ஆரம்பித்த உடனே என் கை தானாகப் போய் அவள் நாடியைப் பிடித்தது. மேடம் சிரித்துவிட்டு, “கையை மடியில வச்சுக்குங்க” என்றார். எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள் என்பது அடுத்த பாடம். நாங்கள் அதிலும் தோற்றோம். வார்டில் ஒருத்தர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, “மோஷன் போனீங்களா?” என்பதுதான்.

எங்களில் அதை உடனே பிடித்துக்கொண்டவள் ஒருத்திதான். ஆவடியிலிருந்து வருவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பெரும்பாலும் அவளுக்குக் காலை டூட்டி, எனக்கு மத்தியான டூட்டி. அதனால் அவள்தான் எனக்கு ஓவர் கொடுப்பாள். வேலையில் சுமார்தான், ஊசி போட நரம்பைத் தேடிக்கொண்டே இருப்பாள் என்று அவளை நான் நிறைய கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் எதிரில் உட்கார்ந்து அவள் கேட்க ஆரம்பித்தால் நாம் வாயை மூட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பேஷண்டாக நடித்தேன். ஏதோ ஒரு பொய்க் கதையைச் சொல்லத் தொடங்கியவள், நடுவில் என் வீட்டு விஷயத்துக்குள் போய் விழுந்துவிட்டேன். என் புருஷனிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. இங்கேயும் எழுதப் போவதில்லை. மேடத்துக்கு அது நடிப்பாகவே தெரிந்தது. அவளுக்கு மட்டும் புரிந்தது. அவள் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை, ஒரு பார்வைகூடக் காட்டவில்லை. அன்றிலிருந்து எனக்கு அவள் மேல் தனி மரியாதை வந்தது. கிண்டலைக் குறைத்துக்கொண்டேன்.

இன்னொரு வகுப்பில் மேடம் சொன்னார்: அறைக்குள் சொன்னது அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். நான் எழுந்து, “அப்ப ஓவர்ல என்ன மேடம் சொல்றது?” என்று கேட்டேன். ஓவர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. விளக்கினோம். அவர் முகம் மாறிவிட்டது.

“கட்டில் முன்னாடி நின்னா? வாய்விட்டா? அவங்களுக்குக் கேக்கற மாதிரியா?”

“ஆமா மேடம்.”

“இனிமே இந்தப் பேச்சை மட்டும் அதுல சேர்க்காதீங்க. ‘பேசினார்’னு சொன்னா போதும். ஆபத்துன்னா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லணும். மத்தது உங்களோட இருக்கட்டும்.”

இன்சார்ஜ் சிஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. “நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்று மாடிப்படியில் இறங்கும்போது கேட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கு மேடம் சொன்னது சரியென்றே பட்டது. என் விஷயம் பத்திரமாக இருந்த சந்தோஷம் எனக்கு.

அந்த நேரத்தில்தான் மாங்காட்டுப் பக்கத்திலிருந்து அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். புருஷன் குவைத்தில் டிரைவர். கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே திரும்பிப் போய்விட்டான். அவள் புருஷனுடைய அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தாள். அண்ணன் பெண்டாட்டிக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நல்லாயிருந்த பெண் திடீரென்று பல்லைக் கடித்துக்கொண்டு விழ ஆரம்பித்திருக்கிறாள். கோயில், எலுமிச்சம்பழம், கயிறு எல்லாம் முடிந்து கடைசியில் எங்களிடம் வந்தார்கள். முதல் தடவை மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், விழுவது நிற்கவில்லை என்று அடுத்த தடவை வார்டில் சேர்த்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நிஜ ஃபிட்ஸ் வந்தால் எங்கே எப்படி விழுகிறோம் என்று தெரியாது, நாக்கு கடிபடும், துணி நனையும். இவள் அடிபடாமல் விழுவாள். மனசில் இருப்பது உடம்பு வழியாக வருகிறது என்று டாக்டர் சொன்னார். வார்டில் நாங்கள் அதற்கு ‘சும்மா ஃபிட்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தோம். எங்கள் புத்தி எப்படிப்பட்டது என்று அந்தப் பெயரிலேயே தெரியும்.

அவளைக் கூட்டி வந்ததும், பணம் கட்டியதும், தினமும் வந்து பார்த்ததும் அந்த அண்ணன்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பேச்சில் அவ்வளவு பணிவு. “எங்க ஊட்டு மகாலட்சுமிம்மா அது. நல்லபடியா ஆக்கிக் குடுங்க” என்பார். வரும்போது அவளுக்கு ஆப்பிள், எங்களுக்குச் சூடாகச் சமோசா. தம்பி பெண்டாட்டியைப் பெற்ற பெண் மாதிரி பார்த்துக்கொள்கிற மனுஷன் என்று இன்சார்ஜ் சிஸ்டர் வாய் நிறையப் புகழ்ந்தார். நானும் புகழ்ந்தேன். சமோசாவையும் தின்றேன்.

அந்தப் பெண் அவரிடம் அதிகம் பேச மாட்டாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள். புதுப்பெண், மூத்தவர் முன்னால் அடக்கமாக இருக்கிறாள் என்று அதையும் நாங்கள் ஒரு நல்ல குணமாகவே எடுத்துக்கொண்டோம்.

அவளோடு பேசும் பொறுப்பை டாக்டர் ஆவடிக்காரியிடம் கொடுத்தார். அவளுக்கு அதுதான் முதல் நிஜமான ஆள். எங்களிடம் கதவு சாத்திக்கொள்ளக்கூடிய ஒரே அறை இன்ஜெக்‌ஷன் ரூம்தான். பேசலாம் வா என்று அங்கே கூப்பிட்டால், யாராக இருந்தாலும் உள்ளே வந்ததும் கைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். இந்தப் பெண்ணும் முதல் நாள் அதைத்தான் செய்தாள். மறுநாளிலிருந்து ஆவடிக்காரி ஊசித் தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் இரண்டு ஸ்டூலைப் போட்டாள். தினமும் காலையில் மாத்திரை கொடுத்து முடித்த பிறகு கொஞ்ச நேரம். முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் குவைத்தைப் பற்றி, அம்மாவைப் பற்றி. விழுவது குறைந்தது. ஒரு வாரமாக விழவே இல்லை. எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். பேச்சிலும் விஷயம் இருக்கிறதுபோல என்று நான்கூட ஒப்புக்கொண்டேன்.

அன்று மத்தியானம் நான் டூட்டிக்கு வந்தபோது ஆவடிக்காரியின் முகம் வெளிறியிருந்தது. கட்டில் கட்டிலாக ஓவர் கொடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் கட்டில் முன்னால் நின்று, “காலையில இட்லி சாப்பிட்டாங்க. மாத்திரை போட்டாங்க. ஃபிட்ஸ் இல்ல. பேசினாங்க” என்றாள். அவ்வளவுதான். எனக்கு உறுத்தியது. மேஜைப் பக்கம் இழுத்துப்போய், “என்னாடி ஆச்சு? ஏன் மூஞ்சி இப்டி இருக்குது? அந்தப் பொண்ணு என்னா சொல்லிச்சு?” என்று கேட்டேன்.

“சொல்லக் கூடாதுக்கா.”

“என்கிட்டகூடவா?”

“யாருகிட்டயும்தான்கா.”

நான் திரும்பி அந்தக் கட்டிலைப் பார்த்தேன். அந்தப் பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா சிரித்து வைத்தேன். அவளும் லேசாகச் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த இரண்டு நாள் ஆவடிக்காரிக்கு லீவு. வீட்டில் ஒரு காதுகுத்து. அந்த நேரம் பார்த்து டாக்டர் ரவுண்ட்ஸில், “ஒரு வாரமா விழல, நல்லா இருக்கா, அனுப்பிடலாம்” என்று எழுதிவிட்டார். போன் போட்டதும் அண்ணன்காரர் வந்துவிட்டார். நான்தான் டூட்டியில் இருந்தேன். எந்த மாத்திரை எப்போது என்று விளக்கினேன். ஃபிட்ஸ் வருகிறவர்கள் வீட்டுக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்வதையும் சொன்னேன்: உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள விடாதீர்கள், விழுந்தால் கதவைத் திறக்க முடியாது.

“அத்த முதல் தபா இங்க கூட்டினு வந்தப்பவே சொன்னீங்களேம்மா. அன்னிக்கே அது ரூம் தாப்பாவ நானே கழட்டிட்டேன்” என்றார் அவர்.

எல்லாரும் இப்படிப் பொறுப்பாக இருந்தால் எவ்வளவு நல்லது என்று நான் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னதும் அவள் விழுந்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கை விறைத்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில். எங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். அமோனியாவில் நனைத்த பஞ்சை மூக்கருகே பிடித்தேன். காதுக்குப் பக்கத்தில் குனிந்து, “எழுந்துரு. ஊட்டுக்குத்தானே போற, ஜெயிலுக்கா போற?” என்று அதட்டினேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். குட்டு வெளிப்பட்ட கூச்சம் என்று நினைத்தேன். பிறகு அவளாகவே எழுந்தாள், முடியை முடிந்துகொண்டாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள். அழவில்லை. அவள் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தேன். அண்ணன்காரர் கைகூப்பிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

லீவு முடிந்து வந்த ஆவடிக்காரி பையைக்கூட வைக்கவில்லை. காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்து, “அவங்க எங்கக்கா?” என்று கேட்டாள்.

“அனுப்பியாச்சு.”

“யாரு கூட?”

“வேற யாரு? அந்த அண்ணன்தான் வந்தாரு.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்ஜெக்‌ஷன் ரூமுக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். அப்போதுதான் சொன்னாள். பெண்டாட்டி ஷிப்டுக்குப் போன நாட்களில் அந்த ஆள் இவள் அறைக்குள் வருகிறான். முதல் முறை அவன் வந்தபோதுதான் இவள் மூச்சடைத்துக் கை கால் விறைத்து விழுந்திருக்கிறாள். விழுந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவான். அதனால் அவனைப் பார்த்தாலே உடம்பு தானாக விழ ஆரம்பித்துவிட்டது. பிறகு தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டு, விழுந்தாலும் விடாதவன் ஆகிவிட்டான். இதையெல்லாம் அந்தப் பெண் அழாமல் சொன்னாளாம்.

“இத்த ஏண்டி சொல்லல?” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“சாகணும்னு தோணுதான்னு கேட்டேன்கா. ரெண்டு தடவை கேட்டேன். இல்லன்னாங்க. உயிருக்கு ஆபத்துன்னாத்தான சொல்லணும்? ஞாயித்துக்கிழமை மேடத்துகிட்ட கேட்டுட்டுப் பண்ணலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அனுப்புவாங்கன்னு எனக்கு எப்டிக்கா தெரியும்?”

எங்கள் வேலை அப்படி. அட்மிஷன் போடும்போதிலிருந்து டிஸ்சார்ஜ் வரை எல்லாரிடமும் நாங்கள் கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான். எங்களுக்கு ஆபத்து என்றால் பேஷண்ட் தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்வது. துப்பட்டாவை எடுத்து வைப்போம், பிளேடு இருக்கிறதா என்று பையைத் துழாவுவோம். ஆபத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சமோசா வாங்கி வரும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கு அப்போது இதெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை. அறிவு இருக்கிறதா உனக்கு என்று கேட்டேன். இன்னும் மோசமாகவும் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள் கடைசியில், “உங்க விஷயத்த நான் யாருகிட்டயாச்சும் சொன்னேனாக்கா?” என்றாள். நான் போய் அந்தப் பெண்ணின் ஃபைலை எடுத்து வந்தேன்.

ஃபைலில் இருந்த ஒரே போன் நம்பர் அந்த ஆளுடையது. டாக்டரிடம் போனோம். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கல்நெஞ்சக்காரர் இல்லை, பயந்த மனுஷன். அந்தப் பெண் தன் வாயால் சொல்லாமல் நாம் போலீசுக்குப் போனால் அவளைத்தான் பைத்தியம் என்பார்கள், நம்மையும் கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்றார். செக்கப்புக்கு வரச் சொல்லிப் போன் செய்யச் சொன்னார். “நல்லா கீது சார், வேலை கொஞ்சம் டைட்டு, அடுத்த வாரம் கூட்டினு வரேன்” என்று பதில் வந்தது. அடுத்த வாரமும் அதே பதில்.

பொறுக்க முடியாமல் நானும் ஆவடிக்காரியும் மாங்காட்டுக்குப் போனோம். அம்மன் கோயிலுக்கு வந்தோம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்று ஒரு பொய். அந்த ஆள் வாசலுக்கே வந்து வரவேற்றான். பெண்டாட்டியும் வீட்டில்தான் இருந்தாள். கூல்டிரிங்ஸ் வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அந்தப் பெண் உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றாள். அவளைத் தனியாகப் பிடிக்க நான் எத்தனையோ வழி பார்த்தேன். பாத்ரூம் போக வேண்டும் என்றேன், அண்ணன் பெண்டாட்டி எழுந்து வந்து வழி காட்டினாள். போகிற வழியில் அந்த அறையைப் பார்த்தேன். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. திரும்பி வந்து, “நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்டேன்.

“கீறேன் சிஸ்டர்” என்றாள். ஆவடிக்காரியை அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும் வழியெல்லாம் ஆவடிக்காரி அழுதுகொண்டு வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. அறைய வேண்டியவன் எங்களுக்குக் கூல்டிரிங்ஸ் ஊற்றிக் கொடுத்திருந்தான், அதைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்திருந்தோம்.

இடையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மேடம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அவரிடம் சொன்னோம். காய்ந்த பெட்ஷீட்டுகள் சுற்றிலும் ஆடிக்கொண்டிருந்தன.

“ஆபத்துன்னா சொல்லணும்னு சொன்னேனே” என்றார் மேடம்.

“நாங்க அத்த சாவுன்னு எடுத்துக்கினோம் மேடம்” என்றேன்.

“உங்களுக்கு அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நான் கேட்டிருக்கணும்” என்றார். பழியை எங்கள் மேல் தள்ளிவிடவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். யாராவது யாருக்காவது தீங்கு செய்தால் அதுவும் ஆபத்துதான், உடனே சொல்ல வேண்டும் என்று அன்று முதல் விதி மாறியது. அதற்கப்புறம் வந்த பேஷண்டுகளுக்கு அது உதவியிருக்கிறது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை.

ஆவடிக்காரி வேலையை விட்டுவிட்டாள். அம்பத்தூரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் சேர்ந்துவிட்டதாகப் போன் செய்தாள். “இங்க மெஷினப் பாத்துக்கினா போதும்கா, யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க” என்றாள். கேட்பதற்குப் பிறந்த மாதிரி இருந்தவள் அவள். அவள் போன பிறகு, பேசுவதற்கு என்று வார்டில் மிஞ்சியது நான்தான்.

சில மாதம் கழித்து அந்தப் பெண் திரும்பவும் வந்தாள். இந்த முறை அவள் அம்மா கூட்டி வந்திருந்தார். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை அந்த அம்மாவுக்கு. நாங்கள் கொடுத்தனுப்பிய மாத்திரைகளையே அந்தப் பெண் மொத்தமாக விழுங்கியிருக்கிறாள். பெரியாஸ்பத்திரியில் போராடிக் காப்பாற்றியிருக்கிறார்கள். “இனிமே அந்த ஊட்டுக்கு என் பொண்ண அனுப்ப மாட்டேன் சார். கஞ்சியோ கூழோ, என்னாண்டயே இருக்கட்டும்” என்று அந்த அம்மா டாக்டரிடம் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் பாதியாக இளைத்திருந்தாள். இப்போது ஃபிட்ஸ் எதுவும் இல்லை. பேச்சும் இல்லை.

அவளோடு நான் பேச வேண்டும் என்றார் டாக்டர். தினமும் இன்ஜெக்‌ஷன் ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். நேரம் முடிந்ததும் எழுந்து போவாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நீங்கதான ஆட்டோல ஏத்தி வுட்டீங்க?” என்றாள்.

“ஆமாம்மா.”

“எல்லாம் தெரிஞ்சும் ஏத்தி வுட்டீங்க.”

“இல்லம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “பொய் சொல்லாதீங்க சிஸ்டர். அன்னிக்கு மேஜையாண்ட நின்னுகினு ரெண்டு பேரும் என்ன பாத்துப் பாத்துப் பேசினீங்க. நீங்க சிரிச்சீங்க. சரி, இவங்களுக்கும் தெரிஞ்சிடுச்சு, இனிமே பயமில்லன்னு நானும் சிரிச்சேன்.”

நடந்ததைச் சொன்னேன். நான் கேட்டேன், ஆவடிக்காரி சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள், டாக்டரிடமும் சொல்லவில்லை, நீ போன பிறகுதான் எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் நம்பாமல் கேட்டாள். அப்புறம் நம்பினாள். நம்பியது முகத்தில் தெரிந்தது. இத்தனை மாதமாக எங்கள் எல்லார் மேலும் வைத்திருந்த கோபம் அந்த முகத்திலிருந்து இறங்கிப் போனதைப் பார்த்தேன். அந்த இடத்தில் வேறெதுவும் வரவில்லை.

“நான் ரகசியம்னு சொல்லலியே சிஸ்டர்” என்றாள். “ஒருத்தர்கிட்ட சொன்னா எல்லாருக்கும் பூடும்னு தெரிஞ்சிதான் சொன்னேன். உங்களுக்குப் போவும், டாக்டருக்குப் போவும், அந்தாளு வந்தான்னா கீழயே நிறுத்திடுவீங்கன்னு நெனச்சிதான் சொன்னேன்.”

வகுப்பில் படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “நீ சொன்னத அவ பத்திரமா வச்சிருந்தாம்மா” என்றேன்.

“வச்சிகினு இன்னா பண்ணாங்க?” என்று கேட்டாள்.

நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பதிலுக்காகக் காத்திருந்தாள். வெளியே ஊசிக்கு வந்த யாரோ கதவைத் தட்டியதும் எழுந்து போய்விட்டாள். அம்மாவோடு வீட்டுக்குப் போகிற வரையில் அவள் எங்களில் யாரிடமும் மறுபடி எதுவும் சொல்லவில்லை.